கெளுத்திக்குத் தூண்டில் வாங்கப் போகிறீர்களா?

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகவும், கடைக்குப் போகும்போது கையில் வைத்துக்கொள்ளவும் எழுதித் தந்திருக்கிறேன்.)



கோடை விடுமுறை வருகிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வரப்போகிறார்கள். இந்த மாதம் மட்டும் நம் குடியிருப்பில் நான்கு பேர் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "சார், பேரன் வீடியோ பார்த்துவிட்டு ராடும் ரீலும் வேண்டும் என்கிறான். எதை வாங்குவது?" தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்றார் செயலாளர். அதனால்தான் இந்தப் பேச்சு.

நான் வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவன். மீன்வளம் படித்தவன் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு தூண்டிலோடு ஆற்றங்கரையில் உட்காருவதில் கிடைத்த அனுபவமும், அதற்காகத் தேடிப் படித்ததும்தான் என் கையிருப்பு. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் வீட்டிலிருந்து ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். இரண்டிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கின்றன. மேலே முழங்கால் அளவுத் தண்ணீர் தெரியும். ஒரு அடி தள்ளி வைத்தால் ஆள் உயரப் பள்ளம். ஒவ்வொரு கோடையிலும் நம் ஊர்ச் செய்தித்தாளில் என்ன படிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே நான் தூண்டில் வாங்கச் சொல்லித் தரும் முறைக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: தண்ணீரில் கால் வைக்காமல், படித்துறையிலோ கரையிலோ நின்றபடியே பிடிக்க உதவ வேண்டும். ராடு, ரீல், நரம்பு, முள் எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணாடி போட்டுத்தான் பார்க்கப் போகிறோம்.

எந்த மீனுக்கு?

கடன் விண்ணப்பம் வந்தால் முதலில் "எதற்காகக் கடன்?" என்று கேட்போம் அல்லவா? அதேபோல் "எந்த மீனுக்குத் தூண்டில்?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

நம் பக்கம் கரையிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் நாட்டுக் கெளுத்தி. கால் கிலோ இருந்தாலே நல்ல மீன். அதைவிடப் பெரியது வாளை. கடல் வாளை அல்ல. அது நாடா போல் நீண்ட வேறொரு மீன். ஆற்று வாளையும் கெளுத்தி இனத்தைச் சேர்ந்ததுதான். பெரிய வாய், வரிசை வரிசையாகப் பற்கள், ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். ஆனால் இப்போது குறைந்து வருகிறது. ஐயூசிஎன் அமைப்பு இதை அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சிறிய வாளை மாட்டினால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஏரி, குளம், சாக்கடை கலக்கும் வாய்க்கால் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. நம் நாட்டு மீன்களைத் தின்று தீர்ப்பதால் இதை வளர்க்கத் தடை இருக்கிறது. இது மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். பிள்ளைகள் ஆசையாகக் கேட்டாலும் உயிரோடு எடுத்து வந்து நம் குடியிருப்புக் குளத்தில் விட வேண்டாம்.

கெளுத்திக்குக் கண்ணைவிட மீசைதான் முக்கியம். மீசையிலும் உடம்பிலும் சுவை அறியும் உறுப்புகள் உண்டு. கலங்கிய தண்ணீரிலும் இருட்டிலும் மோப்பத்தாலும் சுவையாலும் இரையைத் தேடித் தரையோடு வரும். ஆகவே பளபளக்கும் பொய் மீன், ரப்பர் தவளை எல்லாம் இதற்கு வேண்டாம். மண்புழு, கோழி ஈரல், இறால் துண்டு போதும். கடைக்காரர் விலை உயர்ந்த செயற்கை இரைப் பெட்டியை நீட்டினால் அன்பாக மறுத்துவிடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல நரம்பு வாங்கலாம்.

ராடு

கடையில் முதலில் கண்ணில் படுவது, ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் டெலஸ்கோப் ராடு. பையில் வைக்க வசதி. ஆனால் இணைப்புகள் அதிகம். ஆற்று மணல் உள்ளே புகுந்தால் இழுக்கவும் வராது, மடங்கவும் வராது. இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் ராடு அதைவிட உழைக்கும்.

நீளம் 7 அடி அல்லது 8 அடி. படித்துறையில் நின்று வீச இது தாராளம். 5 அடி ராடு பிள்ளைக்கு ஏற்றது என்று சொல்லி விற்பார்கள். அதில் தூரம் போகாது. தூரம் போகவில்லை என்றால் பிள்ளை என்ன செய்வான்? ஒரு படி கீழே இறங்குவான், பிறகு இன்னொரு படி. அதனால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 7 அடியே வாங்குங்கள். இரண்டு கையாலும் பிடித்து வீசக் கற்றுக்கொடுத்தால் போதும். அதற்கும் சின்னப் பிள்ளைக்கு ராடே வேண்டாம். மூங்கில் கழியும் தக்கையும் போதும், பக்கத்தில் நீங்களும் வேண்டும்.

அடுத்தது ராடின் பலம். கைப்பிடிக்கு மேலே ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். எல் என்றால் மெல்லியது, எம் என்றால் நடுத்தரம், எம்ஹெச் என்றால் நடுத்தரத்துக்குச் சற்று மேல், ஹெச் என்றால் கனமானது. நாட்டுக் கெளுத்திக்கு எம் போதும். வாளையும் வரலாம் என்ற இடத்தில் எம்ஹெச். அதன் பக்கத்திலேயே எத்தனை கிராம் எடையை வீசலாம் என்றும் இருக்கும். 15 முதல் 40 கிராம் வரை என்று இருந்தால் நமக்குச் சரி. கடலுக்கென்று செய்த 12 அடி ராடை ஒருவர் தள்ளுபடியில் வாங்க இருந்தார். தள்ளுபடி உண்மைதான். ஆனால் கால் கிலோ கெளுத்தி கடித்தால் அந்த ராடின் நுனி அசையவே அசையாது.

பொருள் இரண்டு வகை: கண்ணாடி இழை, கார்பன். கார்பன் லேசானது, கடி நன்றாகத் தெரியும். ஆனால் கல்லில் இடித்தால் கீறல் விட்டு, பிறகு ஒரு நாள் பட்டென்று ஒடியும். கண்ணாடி இழை கொஞ்சம் கனம். வளைந்து கொடுக்கும், முரட்டுக் கைக்கும் தாங்கும். கெளுத்திக்கும் பிள்ளைகளுக்கும் என் ஓட்டு கண்ணாடி இழைக்கே.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வாய்க்கால் கரையோரம் பல இடங்களில் மின்கம்பி தாழ்வாகப் போகிறது. 8 அடி ராடைத் தலைக்கு மேல் தூக்கி வீசும்போது நுனி எங்கே போகிறது என்று நாம் பார்ப்பதில்லை. கண்ணாடி இழை ராடும் ஈரமாக இருந்தால் நம்ப முடியாது. மின்கம்பிக்குக் கீழே எந்த ராடையும் தூக்கக் கூடாது. இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. கொஞ்சம் பஞ்சை எடுத்து ராடில் உள்ள ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேயுங்கள். இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் நரம்பை அறுத்துவிடும். வேறு ராடு கேளுங்கள்.

ரீல்

ராடுக்குக் கீழே தொங்குகிற ஸ்பின்னிங் ரீல், மேலே உட்காருகிற பெய்ட்காஸ்டர் ரீல் என்று இரண்டு உண்டு. பெய்ட்காஸ்டரில் வீசும்போது கட்டைவிரலால் கட்டுப்படுத்தாவிட்டால் நரம்பு கிளிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். பழகியவர்களுக்கு அது நல்ல கருவி. நமக்கும் பேரனுக்கும் ஸ்பின்னிங் ரீல்தான்.

அளவு 3000 அல்லது 4000 என்று கேளுங்கள். இந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆகவே ஸ்பூலின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். 0.35 மி.மீ. நரம்பு 150 மீட்டராவது பிடிக்க வேண்டும். பேரிங் எத்தனை என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல், முன்னும் பின்னும் ஆடாமல் சுற்றினால் நல்லது. நரம்பு ஓடும் சின்ன உருளை சுழல்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

ரீலில் மிக முக்கியம் டிராக். மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் ரீலே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அது. வங்கிப் பாஷையில் சொன்னால் ஓவர்டிராஃப்ட் வரம்பு. வரம்பே இல்லை என்றாலும் ஆபத்து, ஒரு பைசா கூடத் தர மாட்டேன் என்றாலும் ஆபத்து. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு என்று வைப்பது நல்ல கணக்கு. 8 கிலோ நரம்புக்கு 2 கிலோ.

அதை எப்படி அளப்பது? 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி நரம்பு நுனியில் கட்டுங்கள். ரீலைக் கையில் பிடித்து, ராடு வழியாக இல்லாமல் நேராகத் தொங்கவிடுங்கள். பாட்டில் மெதுவாக, தடங்காமல் கீழே இறங்கும்படி திருகை வையுங்கள். விட்டு விட்டுக் குதித்து இறங்கினால் அந்த டிராக் சரியில்லை. இந்தச் சோதனையை வீட்டு மாடிப்படியிலேயே செய்துவிடலாம்.

நரம்பு

பணத்தை எங்கே மிச்சப்படுத்தினாலும் நரம்பில் மிச்சப்படுத்தாதீர்கள். நாம் தங்கூசி என்று சொல்லும் ஒற்றை இழை நைலான் ஒன்று. நுண்ணிய இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் மற்றொன்று.

பிரெய்ட் மெல்லியது, பலம் அதிகம், இழுபடாது. மெலிதாக இருப்பதால் தூரமும் போகும். ஆனால் பாறையிலும் படித்துறைக் கல்லிலும் உரசினால் சீக்கிரம் அறுபடும். சிக்கினால் பிரிப்பது கஷ்டம். கையில் சுற்றிக்கொண்டு இழுத்தால் விரலை வெட்டிவிடும். தங்கூசி கொஞ்சம் இழுபடும், அந்த நெகிழ்ச்சி மீனின் முதல் வெட்டை வாங்கிக்கொள்ளும். உரசலைத் தாங்கும். விலையும் குறைவு. நமக்குத் தங்கூசியே சரி. கெளுத்திக்கு 0.35 மி.மீ., அதாவது ஏறக்குறைய 7, 8 கிலோ தாங்குவது. வாளைக்கு 0.40 அல்லது 0.45 மி.மீ. சுருளில் பவுண்டுக் கணக்கு இருந்தால் 10 பவுண்டு என்பது நாலரை கிலோ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்பூலின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை சுற்றுங்கள். வழிய வழியச் சுற்றினால் சிக்கும். குறைவாகச் சுற்றினால் தூரம் போகாது. முடிச்சை இறுக்கும் முன் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த முடிச்சை இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். தங்கூசிக்கு வெயில் ஆகாது. பால்கனியில் காயும் ராடில் இருக்கிற நரம்பைச் சென்ற ஆண்டு வாங்கியதுதானே என்று நம்பாதீர்கள். நகத்தால் வருடிப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

முள்ளும் ஈயமும்

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஆற்றில் தூண்டில் போட்டவர் தண்ணீரில் இறங்குவது பெரும்பாலும் மீனுக்காக அல்ல, சிக்கிய முள்ளுக்காக. முள்ளோ ஈயக்குண்டோ கல்லிடுக்கில், வேரில், பழைய வலையில் மாட்டிக்கொள்ளும். "இருபது ரூபாய் முள், போய் எடுத்துவிடலாம்" என்று இறங்குவார்கள். வங்கியில் வராக்கடன் என்று ஒன்று உண்டு. திரும்பி வராது என்று தெரிந்ததைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். சிக்கிய முள் வராக்கடன். பேரனிடம் இந்த வார்த்தையையே சொல்லிக்கொடுங்கள்.

தள்ளுபடி செய்ய வசதியாகக் கருவியையும் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். கெளுத்திக்குப் பிரதான நரம்பு 8 கிலோ என்றால், முள் கட்டும் முன்நரம்பு 6 கிலோ இருக்கட்டும். டிராக் 2 கிலோவில் விட்டுக்கொடுப்பதால் மீன் இதை அறுக்காது. சிக்கினால் மட்டும் முள்ளோடு அந்த ஒரு முழம் போகும், மற்றதெல்லாம் உங்களிடம் திரும்பும். வாளைக்கு முன்நரம்பு மெலிதாக இருந்தால் பல் பட்டு அறுந்துவிடும். கனமாகவே போட வேண்டும். அங்கே ஈயக்குண்டை மட்டும் மெல்லிய நரம்பில் தனியாகத் தொங்கவிடுங்கள். அதிகம் சிக்குவது குண்டுதான். அது அறுந்து போகட்டும்.

சிக்கினால் ராடை வளைத்து வெட்டி இழுக்காதீர்கள், ராடு ஒடியும். ராடின் நுனியைச் சிக்கிய இடத்தை நோக்கி நேராக நீட்டி, ஸ்பூலை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, காய்ந்த தரையில் பின்னால் நடங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டாம். விடுபட்ட குண்டு தோட்டா போல் திரும்பி வரும்.

முள்ளில் வட்ட முள் என்று ஒரு வகை உண்டு. நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் கடித்ததும் நாம் வெட்டி இழுக்க வேண்டியதில்லை. மீன் நகரும்போது தானாக வாயோரத்தில் மாட்டும். தொண்டைக்குள் போவது குறைவு என்பதால் சிறிய மீனைச் சேதமில்லாமல் விடலாம். கொஞ்சம் கண் அயரும் நம் வயதுக்காரர்களுக்கும் ஏற்றது. இரையால் முள் நுனியை மூடிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் பொருத்துவது நம் ஊர்ப் பழக்கம். ஈயம் நஞ்சு. பிள்ளைகள் முன்னால் அதைச் செய்யவே கூடாது. இடுக்கி பயன்படுத்துங்கள். கை கழுவிய பிறகே முறுக்கைத் தொட வேண்டும்.

கரையில்

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முட்கள். குத்தினால் கடுக்கும். தேளி மீன் குத்தினால் இன்னும் மோசம். ஈரத் துணியால் பிடித்து, நீண்ட மூக்கு இடுக்கியால் முள்ளை எடுங்கள். குத்திவிட்டால், பொறுக்கும் அளவு வெந்நீரில் அரை மணி நேரமாவது கையை வையுங்கள், வலி குறையும். சூட்டை மற்றொரு கையால் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. பிறகு டாக்டரைப் பார்த்து டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்னக் காயம்தானே என்று விட வேண்டாம்.

ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரைக் கேட்காமல் போடக் கூடாது. அது அவர் பிழைப்பு.

மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும், பவானியிலும் அமராவதியிலும் மழை பெய்தாலும் நம் படித்துறையில் தண்ணீர் ஏறும். இங்கே வானம் தெளிவாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளை அடித்துக்கொண்டு போன தண்ணீர் இது. திறப்புச் செய்தி வந்தால் அந்த வாரம் தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும்.

வெட்டிய நரம்புத் துண்டைக் கரையில் போடாதீர்கள். கொக்கும் நீர்க்காகமும் காலில் சுற்றிக்கொண்டு சாகின்றன. ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டு வாருங்கள்.

கணக்கு

என் செட்டின் கணக்கைச் சொல்கிறேன். ராடு 1,150 ரூபாய், ரீல் 1,400 ரூபாய், நரம்பு, முள், குண்டு, இடுக்கி எல்லாம் சேர்த்து 600 ரூபாய். மொத்தம் 3,150. இதைவிட அதிகம் செலவழித்தால் கெளுத்தி அதிகம் கடிக்கும் என்பதற்கு எந்த வவுச்சரும் இல்லை. பணம் மிஞ்சினால் பேரனுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். படித்துறையில் நிற்பதற்கு எதற்கு என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கடைசியாகச் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, இந்தக் கோடையில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட யாரும் பெரியவர் துணையில்லாமல் தூண்டிலோடு ஆற்றுக்குப் போகக் கூடாது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லா வீட்டாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராடு வாங்கித் தருபவர் கூடவே போக வேண்டும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, 20 மீட்டர் கயிறும் காற்றடைத்த ஒரு பழைய டியூபும் காவலாளி அறையில் இருக்கட்டும். யாராவது தவறி விழுந்தால் நாம் குதிக்கக் கூடாது, அதை வீச வேண்டும். போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப வைத்துவிடலாம். இதற்கு ஒரு பதிவேடு போட்டுத் தர நான் தயார். அந்த வேலை எனக்குப் பழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அறையில் இருப்பேன். புது ரீல் வாங்கியவர்கள் நரம்போடு வாருங்கள். சேர்ந்து சுற்றி, தண்ணீர் பாட்டில் கட்டி டிராக்கைச் சரிபார்த்துத் தருகிறேன். பேரப்பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். முடிச்சை அவர்களே போடட்டும்.